மிச்சக் கரண்டு

தை 18, வெள்ளி

அவர்கள் முறை. விடிந்ததிலிருந்து மோட்டார் ஓடியது.

மேட்டாங்காட்டில் குழி தோண்டுகிறார்கள். வெயிலில் கரண்டு எடுக்கிற சோலார் பேனல் நிறுத்தப் போகிறார்களாம். எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் என் மகன் கனகராஜ் பெண்டாட்டியிடம் போனில் சொல்லியிருக்கிறான். மருமகள் சாந்தாமணி பால் கறந்துகொண்டே என்னிடம் சொன்னாள். குழி தோண்ட வந்தவனுக்குத் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது.

"அரசாங்கம் பெரும்பங்கு போடுதுங்கத்தே. மீதியில நாம பாதி, சின்னத்தை பாதி. மோட்டாருக்குப் போக மிச்சமாகற கரண்டக் கரண்டாபீசுலயே வாங்கிக்குவாங்க. காசு பேங்க்ல ஏறிரும்."

"பாப்பாத்தி கையெழுத்துப் போட்டுட்டாளா?"

"போன மாசமே போட்டுட்டாங்க."

"என்ற கையெழுத்து?"

"பட்டா அவரு பேருல இருக்குதுங்களே. உங்களுது வேண்டாமுனுட்டாங்க."

பாப்பாத்தி என் ஓரகத்தி, கொழுந்தனார் பெண்டாட்டி. கொழுந்தனார் போய்ச் சேர்ந்துவிட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள். நாங்கள் பேசுவதில்லை. காடு இரண்டாகப் பிரிந்தாலும் கிணறு ஒன்றுதான், மோட்டார் ஒன்றுதான். கரண்டு இணைப்பு இன்னும் என் மாமனார் பேரில் இருக்கிறது. அதனால் இந்தத் திட்டத்துக்கு ஒரு வீடு மட்டும் எழுதிக்கொடுக்க முடியாதாம். இரண்டு வீடும் சேர வேண்டுமாம். சேர்த்துவிட்டார்கள்.

கறுப்பு எருமை இன்று குறைவாகக் கறந்தது.


தை 19, சனி

நம் முறை. மோட்டார் போட்டேன்.

செவ்வாய், வியாழன், சனி நமக்கு. திங்கள், புதன், வெள்ளி அவர்களுக்கு. ஞாயிறு முன்பு மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்தது. கனகராஜ் சின்னவனாக இருந்தபோது மஞ்சள்காமாலையில் விழுந்தான். அவனோடு நான் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இருந்தேன். நம் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் போட ஆளில்லை. திரும்பி வந்தால், "அவங்களுக்குத்தான் தேவைப்படலையே" என்று கொழுந்தனார் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசி ஞாயிறு முழுவதையும் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். அன்று யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் தலையாட்டினார்கள், யார் வெற்றிலை மென்றுகொண்டு பேசாமல் இருந்தார்கள் என்று எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அதில் ஒருவர் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். வாங்கி மாட்டுக்கொட்டகையில் செருகிவிட்டேன்.

அதிலிருந்து நான் ஒரு முறையையும் விட்டதில்லை. காடு ஈரமாகக் கிடந்தாலும் போடுவேன். விட்டால் போய்விடும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் உரக்கடை டைரியில் தினமும் எழுதுவது இதற்காகத்தான். யார் முறை, ஓடியதா இல்லையா. மற்றதெல்லாம் சேர்ந்து வருகிறது.


தை 28, திங்கள்

அவர்கள் முறை.

பேனல் மாட்டிவிட்டார்கள். வரிசையாக, தெற்கே பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. நடுவில் வரப்பு போகிறது. வரப்புக்குக் கிழக்கே இருப்பது நம் பேனல், மேற்கே இருப்பது அவர்களுடையது. கம்பெனிக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் ஒரே நீளமாக மாட்டியிருக்கிறார்கள். போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த கம்பெனிப் பையன் ஜெகதீசனைக் கூப்பிட்டு, எது எங்களுடையது என்று அடையாளம் போடச் சொன்னேன்.

"அப்படியெல்லாம் பிரிக்க முடியாதுங்க பாட்டி. எல்லாம் சேந்து ஒரே மீட்டருக்குத்தான் வரும்."

"பங்கு பிரிச்ச காட்டுல நிக்குதில்ல? பிரிச்சுத்தான் ஆகோணும்."

அவன் சிரித்துக்கொண்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனான். நானே சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போய் நடுக் காலில் ஒரு கோடு போட்டேன். வரப்பு மிகச் சரியாக ஒரு பேனலின் நடுவே போகிறது. அது யாருடையது என்று கனகராஜிடம் கேட்க வேண்டும்.


மாசி 3, சனி

நம் முறை. வீட்டுக்காரருக்குத் திதி. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துதான் படையல் வைத்தேன்.

அவர் போன அன்றும் நம் முறைதான். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது கிணற்றுப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் தண்ணீர் அவர்கள் காட்டுக்குப் போனது. போட்டது கொழுந்தனார். அவர் அண்ணன் அங்கே கிடக்கிறார், இவர் தண்ணீர் பாய்ச்சினார். பாப்பாத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அன்றோடு பேச்சு நின்றது.

வடைக்கு உளுந்து சரியாக ஊறவில்லை.


மாசி 6, செவ்வாய்

நம் முறை. கரண்டாபீசிலிருந்து வந்து மீட்டர் வைத்து முத்திரை போட்டார்கள். சாந்தாமணி பேனலுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தாள். கனகராஜ் லீவு போட்டு வந்திருந்தான். பாப்பாத்தியும் வந்து அந்தப் பக்கம் நின்றாள். இளைத்துப் போயிருக்கிறாள்.

ஜெகதீசன் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான். "வெயில் நேரத்துல மோட்டார் எவ்வளவு கம்மியா ஓடுதோ அவ்வளவு கரண்டு மிச்சம். மிச்சம் அத்தனையும் வெளிய போகும். போறதுக்குத்தான் காசு."

"ஓட்டலைனா காசா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க பாட்டி."

"எங்க முறையில நாங்க ஓட்டாம வெச்சா, அந்தக் காசு?"

"ரெண்டு வீட்டுக்கும் சரிபாதி. மீட்டர் ஒண்ணுதானுங்களே."

என் முறையை நான் விட்டால் அதில் பாதி அவளுக்குப் போகும். முன்பு முறைதான் போனது, இப்போது முறையும் போய்க் காசும் போகும். இத்தனை பேர் கூடி நின்றார்கள், இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

சாப்பிடும்போது கனகராஜ் விஷயத்துக்கு வந்தான். பெரிய அளவில் பேனல் நிறுத்துகிற ஒரு கம்பெனிக்கு இந்தப் பக்கம் நிலம் வேண்டுமாம். நம் பாகம், பாப்பாத்தி பாகம் இரண்டும் சேர்ந்து கிடைத்தால்தான் வாங்குவார்களாம்.

"சித்திரை வரைக்கும் பாக்கறேம்மா. இந்தக் கரண்டுக் காசு சொன்ன மாதிரி வந்துச்சுன்னா, காட்ட வெச்சுக்கலாம். வர்லீனா கிரயம் பண்ணிக் குடுத்துட்டு எல்லாரும் திருப்பூர் போயிரலாம். மூணு வருசமா மழையும் இல்ல, வெள்ளாமையும் இல்ல. நான் அங்க, இவ இங்கன்னு எத்தன நாளைக்கு?"

"எருமை?"

"எருமைய லைன் வீட்டுல எங்கம்மா கட்டறது?"

அந்த லைன் வீட்டில் நான் ஒரு வாரம் இருந்திருக்கிறேன். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. எச்சில் துப்ப இடமில்லை. நான் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன இருக்கிறது, பட்டா அவன் பேரில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.


மாசி 8, வியாழன்

நம் முறை. மோட்டாருக்கு விடுகிற த்ரீ பேஸ் கரண்டு வந்ததிலிருந்து போகும்வரை ஓட்டினேன்.

தென்னைக்குப் போதும் என்றான பிறகு வாய்க்காலை வேலிப் பக்கம் திருப்பிவிட்டேன். சாந்தாமணி சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவள், அப்படியே ரேஷன் வாங்கிக்கொண்டு மதியம்தான் வந்தாள்.


மாசி 10, சனி

நம் முறை. ஓடியது.


மாசி 14, புதன்

அவர்கள் முறை.

பேனல் மேல் மயில்கள் ஏறி உட்காருகின்றன. எச்சம். பக்கத்துக் காட்டில் டிராக்டர் ஓட்டிய புழுதி வேறு. நான் நேற்றே நம் பக்கத்துப் பேனலை மட்டும் துடைத்துவிட்டு வந்தேன். அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கவில்லை.

இன்று ஜெகதீசன் பார்க்க வந்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏன் பாட்டி, பாதியத் தொடச்சுட்டுப் பாதிய உட்டிருக்கறீங்க?"

"அக்கட்ட எங்களுதில்ல."

"இதெல்லாம் ஒரு வண்டியில பூட்டுன மாடு மாதிரிங்க. ஒண்ணு மேல எச்சம் கெடந்து மந்தமாச்சுன்னா அந்த வரிசையே மந்தமாயிரும். நீங்க தொடச்சதும் வீண்."

அவன் போன பிறகு பாப்பாத்தி நீளக் கம்பில் துணி கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். மேற்கே இருந்து ஆரம்பித்து, கோட்டைத் தாண்டி, கிழக்குக் கடைசிவரை கழுவினாள். நான் ஏற்கெனவே துடைத்ததையும் கழுவினாள். என் வேலை சரியில்லை என்று காட்டத்தான். நடுவில் இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.


மாசி 27, செவ்வாய்

நம் முறை. ஓடியது. சாந்தாமணி கேட்டாள்: "தென்னைக்கு இத்தனை தண்ணி வேணுமுங்களா? வேலியோரம் தவளை கத்துது." கோடை வருகிறது என்று சொன்னேன்.


பங்குனி 3, திங்கள்

அவர்கள் முறை. ஓடவில்லை.

போன வாரம் திங்கள் ஓடவில்லை. புதனும் வெள்ளியும் ஞாயிறும் ஓடவில்லை. என்ன திட்டம் போடுகிறாள் என்று தெரியவில்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஏறியிருக்கிறது, மேல் படிக்கட்டு நனைந்திருக்கிறது. அப்படியே வரப்பில் நடந்து அவள் காட்டையும் பார்த்தேன். ஒன்றும் போடவில்லை. உழவுகூட ஓட்டவில்லை. வாசல் ஓரம் நாலு கத்தரிச்செடி, அதற்குக் குடத்தில் ஊற்றுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அதைச் சும்மா வைத்திருக்கிறார்கள்.


பங்குனி 9, ஞாயிறு

அவர்கள் முறை. ஓடவில்லை.

முதல் கணக்கு வந்துவிட்டது. கனகராஜ் வந்திருந்தான். சாந்தாமணி போனைத் தள்ளித் தள்ளிப் படித்துப் பார்த்தாள். சொன்னதில் பாதிகூட வரவில்லை. கனகராஜ் ஜெகதீசனுக்குப் போன் போட்டான். பகலில் மோட்டார் அதிகமாக ஓடியிருக்கிறது, வேறு பழுது இல்லை என்று அவன் சொல்லிவிட்டான்.

"சின்னம்மாதான் ஓட்டுதாட்ட இருக்குது" என்றான் கனகராஜ். "சொன்னாப் புரியாது. நான் போயிக் கேக்கறேன்."

நான் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். "ஆமாங்குது. வெங்காயம் நட்டிருந்தேன், அதுக்குப் பாய்ச்சுனேங்குது. இனிமே ஓட்டலையாம். என்னத்த சொல்றது? வயசான மனுசி."

அவள் காட்டில் வெங்காயம் இல்லை. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். எனக்காகப் பொய் சொல்ல இவள் யார்? நான் கேட்டேனா? இதையும் எழுதி வைக்கிறேன்.

கனகராஜ் நிலம் கேட்ட கம்பெனிக்காரரைச் சித்திரையில் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். சாந்தாமணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை ரேஷன் அரிசியில் கல் அதிகம்.


பங்குனி 11, செவ்வாய்

நம் முறை. மதியத்தோடு நிறுத்தினேன். ஸ்டார்ட்டர் சூடாக இருந்தது.


பங்குனி 13, வியாழன்

நம் முறை. மோட்டார் போடவில்லை. கால் வலி.

வெயில் ஏறிய நேரம். எருமைக்குச் சோளத்தட்டு பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சாந்தாமணி சொசைட்டிக்குப் போயிருந்தாள். கொட்டகை வாசலில் பாப்பாத்தி வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, உடம்பு சரியில்லீங்களா?"

நான் இன்னொரு கட்டைப் பிரித்தேன்.

"மோட்டார் சத்தம் கேக்கலீங்க. அதான் பாத்துட்டுப் போலாமுன்னு."

"என்ன பாக்கறதுக்கு? செத்துட்டனான்னா?"

"ஆமாங்க்கா."

இவள் எப்போதும் இப்படித்தான். பெண் பார்க்கப் போன அன்றே எங்கள் மாமியாரிடம், வீட்டில் எத்தனை பேர், எல்லாருக்கும் நானே சமைக்க வேண்டுமா என்று கேட்டவள்.

"கால் வலி" என்றேன்.

"கால் வலிக்கெல்லாம் நீங்க முறைய உடமாட்டீங்களே. போன வருசம் காச்சல்ல கம்பளியப் போத்திக்கிட்டு வந்து பச்சப் பட்டன அமுக்கிட்டுப் போனீங்க."

"உனக்கு வேற வேலையில்லையா, என்னையப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு?"

"வேற யாரு இருக்கறா பாக்கறதுக்கு?"

உட்காரச் சொல்லவில்லை. அவளே தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். நான் தட்டுப் போடுவதை நிறுத்தவில்லை.

"வெங்காயம் நட்டேன்னு எதுக்குச் சொன்ன?"

"பின்ன, உங்கம்மாதான் ஓட்டறாங்கன்னு சொல்லச் சொல்றீங்களா? அம்மாளுக்கே இங்க இருக்க இஷ்டமில்லையாட்டன்னு கிரயம் பண்ணிருவான். உங்க பாகம் போச்சுன்னா என்ற பாகத்த வெச்சு நான் என்ன பண்றது? எம்புள்ள கோயமுத்தூருல மூணாவது மாடியில இருக்கறா. லிப்டுல ஏறுனாலே எனக்குத் தல கிறுகிறுங்குது."

"அப்ப உனக்காகத்தான் சொன்ன."

"உங்களுக்காகவா சொல்லுவேன்?"

அதைக் கேட்டதும் மனசு கொஞ்சம் லேசானது. எனக்காகச் சொல்லியிருந்தால் அது என் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

வந்தவளிடம் கேட்டுவிடலாம் என்று கேட்டேன். "எங்க ஊட்டுக்காரரு போன அன்னிக்கு, எங்க முறையில மோட்டார் போட்டது உன்ற புருசன்தான?"

அவள் எருமையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு உங்க வாசல்ல மூங்கில் வெட்டிக் குடுத்துட்டிருந்தாரு. நாந்தான் போட்டேன். போட்டுட்டு வந்துதான் உங்க பக்கத்துல உக்காந்தேன். மொளகா நாத்து காஞ்சுட்டிருந்துச்சுங்க்கா."

"அது தப்பில்லையா?"

"தப்புத்தான். நாத்துப் பொழச்சுக்குச்சு."

இத்தனை வருஷமும் ஆளை மாற்றிக் கணக்கு வைத்திருக்கிறேன். கொழுந்தனார் சாவுக்கு நான் போகவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் அனுப்பியபோதும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது அவர்தான், அது இருக்கிறது.

அவள் எழுந்துகொண்டே சொன்னாள். "விடியக்காலம் இலவச த்ரீ பேஸ் வருதில்லீங்க்கா. பேனல்ல வெயில் உழுகறதுக்கு முன்னாலயே வேணுங்கறதப் பாய்ச்சிக்குங்க. வெயில் நேரத்துல ரெண்டு பேரும் ஓட்ட வேண்டாம். நீங்க ஓட்டாத நேரத்த நான் எந்த நாளும் முறையின்னு கேக்க மாட்டேன். வேணுமுனா எழுதித் தர்றேன்."

"நீ எழுத வேண்டாம். நான் எழுதிக்கறேன்."

எழுதியாயிற்று.


பங்குனி 15, சனி

நம் முறை. வெயில் ஏறுமுன் நிறுத்தினேன். சாந்தாமணி காபியில் சர்க்கரை அதிகமாகப் போட்டுக் கொடுத்தாள்.


பங்குனி 22, சனி

நம் முறை. வெயில் ஏறுமுன் நிறுத்திவிட்டுப் பேனல் கழுவினேன். அவள் அந்தக் கடைசியிலிருந்து கழுவிக்கொண்டு வந்தாள். வரப்புக்கு மேலே இருக்கும் பேனலை அவள் ஒரு தடவை கழுவினாள், நான் ஒரு தடவை கழுவினேன். கம்பில் கட்டுகிற துணி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பழைய வேட்டிதான் நல்லதாம். எனக்குத் தெரியாதாக்கும்.


சித்திரை 5, வெள்ளி

அவர்கள் முறை. கரண்டே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் கோடைக்காற்று அடித்ததில் வேலமரம் விழுந்து இரண்டு கம்பம் சாய்ந்துவிட்டது. இன்று நல்ல வெயில். ஆனால் வெளிக் கரண்டு இல்லையென்றால் பேனலும் வேலை செய்யாதாம். கம்பியில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு நம் கரண்டு அடித்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்களாம். நியாயம்தான். இருந்தாலும் அத்தனை வெயிலும் மேலே விழுந்து வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. பாப்பாத்தியும் இரண்டு முறை வந்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று மீட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நாளைக்கு வந்துருமுங்களா?" என்று கேட்டாள்.

"என்னையக் கேட்டா? நானா கம்பம் நடறேன்?"


சித்திரை 7, ஞாயிறு

அவர்கள் முறை. மத்தியானம் கரண்டு வந்தது. மூன்று நாள் வெயில் போனது போனதுதான்.


சித்திரை 14, ஞாயிறு

அவர்கள் முறை. ஓட்டவில்லை.

கனகராஜ் கம்பெனிக்காரரைக் கூட்டி வந்தான். வெள்ளைச் சட்டை, காலில் மண் ஒட்டாமல் நடக்கிற மனுஷன். காட்டைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றைப் பார்த்து, "இத மூடிறலாம்" என்றார். சாந்தாமணி கொண்டுவந்த மோரை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

முதலில் பாப்பாத்தி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவள் சொல்லி அனுப்பியதை அந்த மனுஷன் என்னிடம் அப்படியே சொன்னார். "மாராத்தாக்கா எந்த அன்னிக்குச் சாமானக் கட்டறாங்களோ அன்னிக்கு வாங்க, கையெழுத்துப் போடறேன்னாங்க. நீங்க எப்பக் கெளம்பறீங்கம்மா?"

"அவ சொல்ற நாளுக்கெல்லாம் நான் கெளம்ப முடியாதுங்க" என்றேன்.

கனகராஜுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று தெரியவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். அட்வான்ஸ் எப்போது என்று அவர் கேட்டதற்கு, ரெண்டாவது கணக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டான். அந்த மனுஷன் மோரில் பாதியை வைத்துவிட்டுப் போனார்.


சித்திரை 20, சனி

நம் முறை. விடியற்காலை ஓட்டினேன். எருமைக்குச் சினை ஊசி போட்டார்கள்.


சித்திரை 25, வியாழன்

நம் முறை. ஓட்டவில்லை. தேவையில்லை.

ரெண்டாவது கணக்கு வந்தது. சாந்தாமணி பால் கேனைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்றே படித்தாள். முன்பு வந்ததைப் போல் இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. கனகராஜ் சொன்ன அளவுக்கு இல்லை. அந்தக் கம்பம் சாயாமல் இருந்திருந்தால் வந்திருக்கும்.

அவள் அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். எனக்குக் கேட்கட்டும் என்று போட்டாளா, மறந்து போட்டாளா தெரியாது.

"கொறையுதேடி" என்றான்.

"கொறைஞ்சா கொறையுது. நான் வர்லீங்க."

"என்ன வர்லீங்கற?"

"திருப்பூருக்குத்தான். பாலு இருக்குது, இது இருக்குது, எனக்குப் போதும். நீங்க அட்வான்ஸ் கிட்வான்ஸ் வாங்கிட்டு வந்தீங்கன்னா அத நீங்களே வெச்சுக்கிட்டு லைன் வீட்டுல இருங்க. நானும் அத்தையும் இங்கதான் இருப்போம்."

அந்தப் பக்கம் பனியன் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டான்.

"அம்மா என்ன சொல்லுது?"

சாந்தாமணி போனை என் முன்னால் நீட்டினாள். "எருமைக்குச் சினை ஊசி போட்டிருக்குது" என்று சொன்னேன்.

"சரி, ஆடி வரைக்கும் பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டான். ஆடி வந்தால் ஐப்பசி என்பான். அவனைப் பெற்ற எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்காரருக்கு அவனே போன் போட்டு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டானாம். சாந்தாமணி அப்புறம் சொன்னாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொல்லி அவளை அனுப்பினேன். பாப்பாத்தி நாலு கத்தரிக்காய் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்றில் புழு.


சித்திரை 27, சனி

நம் முறை. வெயில் கடுமையாக இருக்கிறது. தென்னை ஓலை தொங்கிவிட்டது. இன்று உண்மையாகவே தண்ணீர் வேண்டும். விடியுமுன் மோட்டார் போட்டு ஒவ்வொரு மரமாகப் பாய்ச்சிக்கொண்டு வந்தேன். கடைசி வரிசைக்குப் போவதற்குள் பொழுது ஏறி, பேனல் மேல் வெயில் விழுந்துவிட்டது.

வரப்பில் பாப்பாத்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் கம்பும் துணியும்.

"அக்கோவ், வெயில் வந்துருச்சு. நிறுத்துங்க."

என் முறையில் என்னை நிறுத்தச் சொல்ல அவள் யார்? அவள் சொன்னதற்காகவே இன்னும் இரண்டு மரம் பாய்ந்து முடியும்வரை விட்டேன். அப்புறம் போய்ச் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். கடைசி மரத்துக்கு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடத்தில் மொண்டு ஊற்றினேன்.